கிராஞ்சிக் கழிமுகமும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்றவுடன் காற்றாலையும் சூரிய ஒளித் தகடும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின் நிலக்கரிக்கு முற்பட்ட மாந்தர் வாழ்வு காற்று, நீரோட்டம், விறகு, உடலுழைப்பு ஆகியவற்றையே சார்ந்து நின்றது. சிங்கப்பூரின் வடமேற்கிலுள்ள கிராஞ்சிப் பகுதியை முன்னிறுத்தி இவ்வாற்றல்களின் பயன்பாட்டை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காற்று

நாகப்பட்டினம், நாகூர்க் கரைகளிலிருந்து தமிழ் வணிகரின் பாய்மரக் கப்பல்களைக் கிழக்கே செலுத்தியது தென்மேற்குப் பருவக்காற்று. மீட்டுக் கொணர்ந்தது வடகிழக்குக் காற்று. தெலுக் ஆயர் சாலையில் 1828-1830ஆம் ஆண்டுகளில் எழுந்த நாகூர் தர்கா அக்கடல்வழித் தொடர்பின் சான்றாகும். தமிழரைக் கொணர்ந்த காற்று சிங்கப்பூருக்கு மின்சாரம் தரவில்லை என்பது வியப்பன்று. நிலநடுக்கோட்டையொட்டிய இத்தீவில் காற்றின் சராசரி வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டரே. வணிக அளவிலான காற்றாலைக்கோ 4.5 மீட்டர் வேண்டும்.

விறகு

கிராஞ்சி என்பது வன்மரம் ஒன்றன் மலாய்ப் பெயர். 19ஆம் நூற்றாண்டில் சீனக் குடியேறிகள் தீவின் உட்பகுதிக் காடுகளைத் திருத்திக் காசுக்கட்டியும் மிளகும் பயிரிட்டனர். பறித்த காசுக்கட்டி இலையைத் தோட்டத்திலேயே பெரிய இரும்புக் கொப்பரைகளில் நெடுநேரம் காய்ச்சுதல் வேண்டும். காய்ச்சிய இலையின் சக்கை மிளகுக்கு உரமாயிற்று. அடுப்பு அணையாதிருக்க, பயிர் செய்த நிலத்திற்கு ஏறக்குறைய நிகரான பரப்புள்ள காடு விறகாயிற்று என்பர். பதினைந்து, இருபது ஆண்டுகளில் மண்ணும் வளமிழந்தது, விறகும் தீர்ந்தது, எஞ்சியது லாலான் புல்லே. தோட்டக்காரர் பலர் நீரிணையைக் கடந்து சொகூர் சென்றனர். விறகு புதுப்பிக்கத்தக்கதுதான், அது வளரும் வேகத்தைவிட எரியும் வேகம் மிகுந்ததே இங்குச் சிக்கல். தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் நத்தானியல் கேண்ட்லி 1883இல் அளித்த அறிக்கை காடழிவை எடுத்துரைத்தது. அதன்பின்னரே காப்புக்காடுகள் வரையறுக்கப்பட்டன. கிராஞ்சியின் அலையாத்திக் காடு 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் இயற்கைக் காப்பகமாயினும், பின்னர் அத்தகுதியை இழந்தது.

ஓதம்

கிராஞ்சி ஆறு ஓதம் ஏறி இறங்கிய கழிமுகமாக இருந்தது. குடிநீர் வேண்டி அதன் வாயில் கட்டப்பட்ட அணை 1975இல் நிறைவுற்றது, உவர்நீர் நன்னீராயிற்று. ஓத ஆற்றலை இழந்துவிட்டதாக இதனைக் கருத வேண்டியதில்லை. சிங்கப்பூரில் ஓதத்தின் சராசரி ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ 1.7 மீட்டர் மட்டுமே.

சூரிய ஒளி

ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,580 கிலோவாட் மணி வெயில் கிடைப்பினும் தகடுகளை விரிக்க நிலம் இல்லை. எனவே நீர்ப்பரப்பு நாடப்பட்டது. நீரின் குளிர்ச்சி தகட்டின் திறனையும் உயர்த்துகிறது. தெங்கே நீர்த்தேக்கத்தில் 2016இல் சோதனை தொடங்கிற்று. 2021 சூலையில் அங்கு 45 எக்டேர் பரப்பில், 1,22,000 தகடுகளுடன், 60 மெகாவாட் உச்சத்திறன் கொண்ட மிதவை நிலையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு உட்லண்ட்ஸ் கரைக்கு அப்பால் சொகூர் நீரிணையிலும் 5 மெகாவாட் நிலையம் ஒன்று நிறைவுற்றது.

கிராஞ்சி நீர்த்தேக்கத்திற்கான 150 மெகாவாட் மிதவைத் திட்டம் குறித்துச் செம்ப்கார்ப் நிறுவனம் மெட்டா நிறுவனத்துடன் 2024இல் நீண்டகால ஒப்பந்தம் செய்தது. இவ்விரண்டின் வேறுபாடு ஆய்வாளர் கருதத்தக்கது. தெங்கே மின்சாரம் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் நீர்ச் சுத்திகரிப்புப் பணிக்கு உரியது. கிராஞ்சி மின்சாரமோ தனியார் நிறுவனம் ஒன்றன் தேவைக்கு உரியது. கிராஞ்சிக் காடு எரிந்தது ஐரோப்பியத் தோல் பதனிடு தொழிலுக்காக என்பதையும் உடன்வைத்து நோக்கலாம். இந்நீர்த்தேக்கத்தின் கரையிலேதான் 2016இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட, 56 எக்டேருக்கு மேற்பட்ட கிராஞ்சிச் சதுப்புநிலம் உள்ளது. நன்னீர்ப் பறவைகள் பல அங்கு வாழ்கின்றன. தகடுகள் நீர்ப்பரப்பில் எவ்வளவை மூடலாம் என்னும் வினாவில் அவற்றின் பங்கும் உண்டு.