நிரலாக்கமும் ஓவியக்கலையும்

நிரலாக்கமும் ஓவியக்கலையும் ஒப்புமை உடையவை என்பது கணினித் துறையில் விவாதிக்கப்பட்டுவரும் ஒரு கருத்து ஆகும். நிரலாளர், ஓவியரைப் போலவே, ஒன்றைப் புதிதாகப் படைப்பவர். ஆகவே நிரலாக்கத்தைக் கற்பதும் செய்வதும் ஓவியத்தை ஒத்திருக்கலாம் என்பது இதன் சாரம்.

வரலாறு

டொனால்டு குனூத் எழுதிவரும் "கணினி நிரலாக்கக் கலை" என்னும் நூல்வரிசையின் முதல் தொகுதி 1968 இல் வெளிவந்தது. 1974 இல் ஆற்றிய டூரிங் விருது உரையில், தலைப்பில் "கலை" என்ற சொல் இடம்பெற்றதன் காரணத்தை விளக்கிய அவர், நிரல்கள் அழகுடையனவாகவும் அமையக்கூடும் என்றார். ஓவியத்துடனான ஒப்பீட்டைப் பரவலாக்கியவர் அமெரிக்க நிரலாளர் பால் கிரகாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கணினியியலில் முனைவர் பட்டம் பெற்றவரும் ஓவியம் பயின்றவருமான இவர், 2003 இல் "ஹாக்கர்ஸ் அண்டு பெயிண்டர்ஸ்" என்ற கட்டுரையை எழுதினார். இதே தலைப்பில் இவரது கட்டுரைத் தொகுப்பு 2004 இல் நூலாக வந்தது.

ஒப்புமைகள்

திருத்தி வளர்த்தல்: ஈரச் சுதைமீது தீட்டப்படும் சுவரோவியத்தில், சுதை உலருமுன் வேலையை முடிக்கவேண்டும், எனவே வடிவம் முன்னரே முடிவாகியிருக்கவேண்டும். நெய்வண்ண ஓவியத்தில் வரைந்ததன்மேல் மீண்டும் வரையலாம். பழைய ஓவியங்களின் ஊடுகதிர்ப் படங்களில் இடம் மாற்றப்பட்ட கைகால்களைக் காணமுடிகிறது. நிரலாக்கத்திலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. துளை அட்டைகளின் காலத்தில் ஓர் ஓட்டத்தின் விளைவுக்குப் பல மணிநேரம் காத்திருக்க நேர்ந்ததால், நிரலைத் தாளிலேயே முழுமையாகத் திட்டமிட்டனர். ஊடாட்டக் கணினிகள் வந்தபின், எழுதி, ஓட்டி, திருத்தும் முறை எளிதாயிற்று.

பார்த்துக் கற்றல்: ஓவிய மாணவர் முன்னோர் படைப்புகளைப் பார்த்து வரைந்து பழகுவது மரபு. 1970களில் ஆசுத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்சு, யுனிக்சு இயக்குதளத்தின் மூலநிரலை விளக்கவுரையுடன் பாடமாக்கினார். பின்னர் உரிமக் கட்டுப்பாட்டால் வகுப்பறைப் பயன்பாடு தடைப்பட்டபோதும், அவ்விளக்கவுரை ஒளிநகல்களாகப் பரவியது. 1996 இலேயே அது முறைப்படி வெளியிடப்பட்டது. இன்று திறமூல மென்பொருட்களின் நிரலை எவரும் படிக்கலாம்.

வேறுபாடுகளும் விமர்சனமும்

ஓவியத்தில் ஒரு கோடு பிசகினாலும் அது ஓவியமாகவே நிற்கும். நிரலில் ஒரு குறி பிசகினால் அது இயங்காமலே போகலாம். ஓவியம் பெரும்பாலும் பார்ப்பதற்கானது. நிரல் ஒரு பணியைச் செய்வதற்கானது. மேலும் பெரிய மென்பொருட்களைப் பலர் பல ஆண்டுகள் பேணவேண்டியுள்ளது. கிரகாமின் ஒப்பீடு மேலோட்டமானது என்று நிரலாளர் மாச்செய் செக்வொவ்ஸ்கி 2005 இல் விமர்சித்தார். திருத்தி வளர்த்தல் பல தொழில்களுக்கும் பொதுவான இயல்பு என்பதால், அதைமட்டும் கொண்டு இவ்விரண்டையும் இணைத்துவிட இயலாது. எனினும், திருத்துவதற்கு ஆகும் செலவே செய்முறையைத் தீர்மானிக்கிறது என்பது இரண்டுக்கும் பொருந்துகிறது.