எதிரொளிப்பு விதியும் பார்வைக் கோட்பாடும்: யூக்ளிட் முதல் இப்னு அல்-ஹைதம் வரை

முன்னுரை

படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்னும் விதியையும், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதே பார்வை என்னும் விளக்கத்தையும் பள்ளி அறிவியல் ஒருசேரக் கற்பிக்கிறது. வரலாற்றில் இவை ஒருங்கே தோன்றவில்லை. விதி முந்தியது, அதனோடு அவ்விளக்கம் இணைய ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாயின. இந்த இடைவெளிக்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

விழிக்கதிரும் வடிவியலும்

கி.மு. 300 அளவில் வாழ்ந்த யூக்ளிட், கண்ணிலிருந்து புறப்படும் நேர்க்கதிர்கள் பொருளைத் தொடுவதே பார்வை எனக் கொண்டு, ஒளியியலை வடிவியலாக அமைத்தார். அலெக்சாந்திரியாவின் ஹீரோ, கண்ணிலிருந்து சமதள ஆடி வழியாகப் பொருளை அடையும் பாதைகளுள் மிகக் குறுகியது சமகோணப் பாதையே என நிறுவினார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் டாலமி, பாகை குறித்த வெண்கலத் தகட்டில் சமதள, குவி, குழி ஆடிகளைப் பொருத்தி இவ்விதியைச் சோதித்தார். மூவரும் விழிக்கதிர்க் கொள்கையினரே.

பிழையான கொள்கையின்கீழ் சரியான விதி நிலைத்தமைக்குக் காரணம் உண்டு. கதிரின் திசையைத் தலைகீழாக்கினாலும் கோடும் கோணமும் மாறுவதில்லை. ஆகவே ஆடியில் கோணங்களை எத்துணை நுட்பமாக அளந்தாலும், கதிர் கண்ணிலிருந்து செல்கிறதா, கண்ணுக்கு வருகிறதா என்னும் வினாவுக்கு விடை கிட்டாது. புறத்திலிருந்து கண்ணுக்கு வருவதே பார்வை என்ற கருத்து அணுவாதிகளிடம் முன்பே இருந்தது. எனினும் அது வடிவியலோடு இணையவில்லை.

இருட்டறைச் சோதனை

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம், 11ஆம் நூற்றாண்டில் 'கிதாப் அல்-மனாஸிர்' என்னும் ஏழு பகுதி நூலை இயற்றினார். அவர் சான்றை ஆடியில் தேடாமல் கண்ணில் தேடினார். கடும் ஒளியை நோக்கினால் கண் நோகிறது. பார்வையை விலக்கிய பின்னும் அதன் சாயல் தங்குகிறது. எனவே ஒளி கண்ணின்மீது செயற்படுகிறது.

எல்லாப் புள்ளிகளிலிருந்தும் ஒளி வருமாயின் அது கண்ணில் குழம்பாதா என்னும் தடை எஞ்சியது. இருட்டறைத் துளைக்கு எதிரே பல விளக்குகளை வைத்தபோது, உள்ளே ஒளித்திட்டுகள் தனித்தனியே விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய திட்டு மட்டும் மறைந்தது. ஒரே துளையைக் கடந்தும் ஒளிகள் கலக்கவில்லை. மேலும், கண்ணின் பரப்பில் செங்குத்தாக விழும் கதிர்களே காட்சியை உருவாக்குகின்றன எனக் கொண்டு, யூக்ளிடின் கூம்பு வடிவியலைத் திசை மாற்றித் தக்கவைத்தார்.

முடிவுரை

இந்நூலின் இலத்தீன் மொழிபெயர்ப்பு 1572இல் பாசல் நகரில் அச்சேறியது. 1604இல் கெப்ளர், விழித்திரையில் தலைகீழ்ப் பிம்பம் விழுவதை விளக்கியபோது செங்குத்துக் கதிர் என்னும் வரையறையும் தேவையற்றதாயிற்று. எதிரொளிப்பு விதியோ இம்மாற்றங்கள் அனைத்திலும் அப்படியே நின்றது. ஒரு விதி சோதனையில் தேறுவது, அதனைத் தாங்கிய கோட்பாட்டுக்கும் சான்றாகிவிடாது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.