கண்ணாடிக் கடையிலிருந்து கல்லூரிக்கு



போன வாரம் என் தங்கையின் பேத்தி போன் பண்ணினாள். பிளஸ் டூ முடித்திருக்கிறாள். "தாத்தா, ஆப்டோமெட்ரி சேரலாம்னு இருக்கேன். எது நல்ல காலேஜ்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்றாள். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதானே வரும்! அவளுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

ஆப்டோமெட்ரிஸ்ட் என்பவர் ஆபரேஷன் செய்யும் கண் டாக்டர் அல்ல. வெறும் கண்ணாடி விற்பவரும் அல்ல. பார்வையை அளந்து, கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்து, நோயின் அறிகுறி தெரிந்தால் டாக்டரிடம் அனுப்புகிறவர்.

இந்தத் தொழில் பிறந்தது கண்ணாடிக் கடையில். அமெரிக்காவில் 1890களில் சார்லஸ் பிரெண்டிஸ் என்பவர் கண்ணைச் சோதித்ததற்குத் தனியாகக் கட்டணம் வாங்கினார். டாக்டர்கள் எதிர்த்தார்கள். அந்த மோதலிலிருந்து உரிமச் சட்டங்கள் வந்தன. முதல் சட்டம் 1901இல் மின்னசோட்டா மாநிலத்தில். உரிமம் என்றால் படிப்பு வேண்டுமல்லவா? 1910இல் கொலம்பியா பல்கலைக்கழகம் இதற்கு இடம் கொடுத்தது.

நம் நாட்டில் கதை வேறு. 1958இல் அலிகர் காந்தி கண் மருத்துவமனையிலும், ஹைதராபாத் சரோஜினி தேவி கண் மருத்துவமனையிலும் இரண்டாண்டு டிப்ளமோ தொடங்கியது. சென்னையில் டாக்டர் பத்ரிநாத் 1978இல் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். அதன் அங்கமாக 1985இல் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி வந்தது. பிலானி பிட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து நான்காண்டுப் பட்டம் கொடுத்தது.

இந்த மூன்றுமே ஆஸ்பத்திரிக்குள் முளைத்தவை. காரணம் இருக்கிறது. ரெட்டினோஸ்கோப் என்று ஒரு கருவி. கண்மணிக்குள் ஒளியைச் செலுத்தி, உள்ளே தெரியும் வெளிச்சம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தே பவரைக் கணிக்கலாம். வாய் திறந்து சொல்லத் தெரியாத குழந்தைக்கும் இப்படிப் பார்த்துவிடலாம். ஆனால் இது புத்தகத்தில் வராது. நூற்றுக்கணக்கான கண்களைப் பார்த்துப் பழகினால்தான் கை வரும்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பையன். போர்டைப் பார்க்காமல் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்தே எழுதுவான். "சோம்பேறி" என்று திட்டி வெளியே நிறுத்தினேன். அடுத்த வருடம் பள்ளிக்குக் கண் முகாம் வந்தது. அவனுக்கு இரண்டு கண்ணிலும் குறை. கண்ணாடி போட்டதும் ஒரு கண் தெளிந்தது, மற்றது முழுதாகத் தெளியவில்லை. சோதித்த பெண் சொன்னார்: "இதுக்குப் பேரு சோம்பேறிக் கண். சின்ன வயசிலேயே பார்த்திருக்கணும் சார்." அன்றைக்கு வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் பேத்தியிடம் சொன்னேன்: கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்க்காதே. அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் நாலு கேள்வி கேள். ஒரு மாணவர் தன் கையால் எத்தனை நோயாளிகளைப் பார்க்கிறார்? பார்க்கும்போது அருகில் ஆசிரியர் நிற்கிறாரா? கடைசி வருட இன்டர்ன்ஷிப் உண்மையான கிளினிக்கிலா, கடையில் கண்ணாடி விற்கவா? பாடத்தில் பின்தங்கியவரைக் கைகொடுத்துத் தூக்கிவிடுவது யார்?

நாலாவதுதான் முக்கியம். கல்லூரியிலும் கடைசி பெஞ்ச் உண்டு. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்கு முதல் வருட ஒளியியல் ஆங்கிலத்தில் மிரட்டும். மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த், கிராமத்துப் பெண்களுக்கு உதவித்தொகை கொடுத்து, தங்க இடம் கொடுத்து, இரண்டு வருடம் கண் பராமரிப்புப் பயிற்சி தருகிறது. அது ஆப்டோமெட்ரி பட்டம் அல்ல. ஆனாலும் தாங்கிப் பிடித்தால் யாரும் கற்பார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

2021இல் நாடாளுமன்றம் துணை மருத்துவப் படிப்புகளை முறைப்படுத்தச் சட்டம் இயற்றியது. நல்லதுதான். ஆனால் கடைசி பெஞ்சைச் சட்டம் கவனிக்காது. வாத்தியார்தான் கவனிக்க வேண்டும்.

உங்களில் இந்தத் துறையில் இருப்பவர்கள் கீழே எழுதுங்கள், பேத்தி படிப்பாள். வீட்டில் பள்ளிக்குப் போகும் குழந்தை இருந்தால், இந்த மாதமே ஒருமுறை கண்ணைக் காட்டிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்