நூலும் வாசகரும்: ஒரு வரலாற்று நோக்கு

நூலொன்று அச்சேறி வெளிவந்த அளவிலேயே அதன் வாழ்வு தொடங்கிவிடுவதில்லை. அதனை ஒருவர் படித்து, ‘இது நன்று’ என்றோ ‘இஃது எனக்கு உடன்பாடன்று’ என்றோ மற்றொருவரிடம் வாய்திறந்து சொல்லும்போதுதான் அது வாழத் தொடங்குகிறது. இலக்கிய வரலாறுகள் புலவர் பெயரையும் நூற்பெயரையும் கால முறையில் அடுக்கிக் கூறுகின்றன. படித்தவர் என்ன கூறினர், அக்கூற்றால் என்ன விளைந்தது என்பவற்றை அவை பெரிதும் கூறுவதில்லை. விடுபட்ட அப்பக்கத்தைச் சிறிதளவேனும் நிரப்புதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பாயிரத்தில் இல்லாத வாசகர்

நூலைப் பற்றிப் பிறர் கூறும் கருத்துக்கென்று பழந்தமிழ் மரபில் ஓர் இடம் வகுக்கப்பட்டிருந்தது. அதுவே சிறப்புப்பாயிரம். தற்புகழ்ச்சி தகாது ஆதலின், நூல் செய்தவர் தம் நூலுக்குத் தாமே பாயிரம் செய்வதில்லை. அதனைச் செய்தற்குரியவர் யாவர் என்பதை நன்னூல் வரையறுக்கிறது. அவருடைய ஆசிரியர், அவருடன் கற்றவர், அவருடைய மாணவர், நூலுக்கு உரை கண்டவர் ஆகிய நால்வரே அவர். தொல்காப்பியத்திற்குப் பாயிரம் தந்த பனம்பாரனார், தொல்காப்பியருடன் ஒருங்கு பயின்றவர் என்பது மரபு. பாண்டியன் அவையில், அதங்கோட்டாசிரியர் முன்னிலையில் அந்நூல் அரங்கேறிய செய்தியையும் அப்பாயிரத்தால் அறிகிறோம்.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. நன்னூலார் கூறிய நால்வரும் நூலாசிரியரோடோ நூலோடோ ஏதேனும் ஒரு தொடர்புடையவர்கள். எத்தொடர்பும் இன்றி, படித்தவர் என்ற ஒரே உரிமையால் பேசும் வாசகருக்கு அவ்வரிசையில் இடமில்லை. 19ஆம் நூற்றாண்டில் அச்சு நூல்கள் பெருகிய பின்னரும் நூல்முகப்பில் இடம்பெற்ற சாற்றுகவிகள் பெரும்பாலும் புகழுரைகளாகவே நின்றன. குறை கூறும் சாற்றுகவி உண்டென யாம் கேள்வியுற்றதில்லை.

குடந்தையில் ஒரு சந்திப்பு

இந்நிலையில்தான் 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், வியாழக்கிழமை, கும்பகோணத்தில் ஒரு சந்திப்பு நிகழ்ந்தது. அரியலூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார் உ. வே. சாமிநாதையர். அப்போது ஐயருக்கு அகவை 25. குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவர். தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, கலம்பகம் முதலியவற்றை ஐயர் வரிசையாக எடுத்துரைத்தார். முதலியாரோ வியக்கவில்லை. இவையெல்லாம் பிற்கால நூல்கள். இவற்றுக்கு முற்பட்டவற்றைப் படித்ததுண்டா என்ற கருத்தில் வினவி, சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேட்டார். ஐயர் அந்நூல்களைப் படித்ததில்லை.

முதலியார் புலவரல்லர், பாடம் சொல்லும் ஆசிரியருமல்லர். வழக்குக் கேட்டுத் தீர்ப்பு எழுதும் அரசுப் பணியாளர். ஆயினும் தமிழ் நூல்களுள் எவை முதன்மையானவை என்பது பற்றி அவருக்கென்று ஒரு கருத்து இருந்தது. அதனை ஒரு புலவரிடம் அஞ்சாது சொல்லும் துணிவும் இருந்தது. அவர் அளித்த சிந்தாமணிப் பிரதியை ஐயர் கற்கத் தொடங்கினார். சமண சமயச் செய்திகள் விளங்காத இடங்களில் குடந்தைச் சமணர்களை நாடித் தெளிந்தார். 7 ஆண்டுகள் கழித்து, 1887இல் சீவக சிந்தாமணி முழுநூலும் உரையுடன் வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அவரது பதிப்பாகத் தொடர்ந்தன. சேர மன்னரைப் பாடும் பதிற்றுப்பத்து 1904இல் வந்தது. ஐயரின் உழைப்பும் புலமையும் இன்றேல் இவை நிகழா என்பது வெள்ளிடை மலை. எனினும் அவ்வுழைப்பைத் திசை திருப்பியது ஒரு வாசகரின் தனிக்கருத்தே.

இதழ்க் காலம்

இதழ்கள் பெருகியபோது வாசகர் குரலுக்குப் புதிய வழி பிறந்தது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடர்ந்து வெளிவந்தது. அது முடிந்தவிதம் போதாது என்று வாசகர் பலர் குறைபட்டுக்கொண்டனர். கல்கி அக்குறையைப் புறந்தள்ளவில்லை. முடிவுரை ஒன்று எழுதி, கதைமாந்தர் பின்னர் என்னவாயினர் என்பதை விளக்கினார். இன்று நாம் படிக்கும் நூலின் இறுதிப் பக்கங்கள் வாசகரின் மனக்குறைக்கு அளிக்கப்பெற்ற விடையேயாகும்.

1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதை வெளிவந்தது. மழைநாளில் அயலான் ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் கல்லூரி மாணவியை, அவள் தாய் தலையில் நீர்வார்த்து, களங்கமற்றவள் எனத் தேற்றி ஏற்றுக்கொள்வதாக அக்கதை முடிகிறது. அம்முடிவை ஏற்காதார் கண்டித்தனர், ஏற்றோர் போற்றினர். அத்தாய் அவ்வாறு செய்யாதிருந்தால் அப்பெண்ணின் வாழ்வு என்னவாகியிருக்கும் என்ற வினாவை எடுத்துக்கொண்டு, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்னும் புதினத்தை ஜெயகாந்தன் பின்னர்ப் படைத்தார். 1972இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிட்டியது. வாசகர் சொன்னவை அனைத்தும் சரியானவை என்று யாம் கூற வரவில்லை. மாறுபட்ட கருத்தும் எழுத்தை வளர்க்கும் என்பதற்கு இஃதொரு சான்று.

வாசகர் என்ற நிலையிலேயே நின்று நூல்களை மதிப்பிட்டவருள் க. நா. சுப்ரமண்யம் தலையாயவர். 1950களின் பிற்பகுதியில் வெளிவந்த அவரது ‘படித்திருக்கிறீர்களா?’ என்னும் நூலின் தலைப்பே ஓர் அழைப்பு. தம் விருப்பத்தையே அளவுகோலாகக் கொள்கிறார் என்று அவரைக் குறை கூறியோர் உண்டு. எனினும் அவர் சுட்டியதால் பல நூல்கள் மறதியினின்றும் மீண்டன.

நம் இல்லங்களில்

இவ்வரலாற்றை ஈண்டு விரித்ததற்குக் காரணம் உண்டு. மைய அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் யாம், பணி மாறுதலால் களமசேரிக்கு வந்து குடியேறியவர்கள். நம்மாழ்வார் பாடிய திருக்காட்கரை இங்கே அண்மையில்தான் உள்ளது. ஆயினும் எம் மகள் பயிலும் பள்ளியில் தமிழ் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவள் தமிழ் பேசுவாள், எழுத்தறியாள். ஆதலின் இரவுதோறும் ‘பொன்னியின் செல்வனை’ யாம் படிக்க அவள் கேட்டுவந்தாள். ஒருநாள், நந்தினியின் பக்கத்து நியாயத்தை ஆசிரியர் முழுதும் சொல்லவில்லை என்றும், அவளே கதையைச் சொல்லியிருந்தால் சோழர் நல்லவராகத் தோன்றியிருப்பரா என்பது ஐயமே என்றும் கூறினாள். கல்கியைக் குறை கூறும் அளவுக்கு நீ என்ன படித்துவிட்டாய் என்று கடிந்துகொண்டோம். அடுத்த நாள் அவள் கதை கேட்க வரவில்லை; அவ்வாரம் முழுதும் வரவில்லை.

அப்போதுதான் குடந்தை முன்சீப்பின் நினைவு வந்தது. அவரும் நம்மைப் போல் மாறுதலில் ஊர் விட்டு ஊர் சென்ற அரசுப் பணியாளர்தாமே! சிறியோர்க்கு என்ன தெரியும் என்ற எண்ணத்தால், நம் வீட்டில் பிறந்த ஒரு வாசகரின் வாயை நாமே அடைத்துவிட்டோமே என வருந்தினோம். மகளிடம் பிழையை ஒப்புக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மீண்டும் படித்தோம். இன்று அவள், ஐந்தாம் பாகத்தைத் தானே படித்து நந்தினிக்காக வழக்காட வேண்டும் என்று உயிரெழுத்தில் தொடங்கியிருக்கிறாள்.

நாம் வாழும் இக்கேரள நாடு இத்துறையில் நமக்கு நல்லாசான். 1945இல் பி. என். பணிக்கரின் முயற்சியால் அம்பலப்புழையில் 47 நூலகங்கள் ஒன்றுகூடித் தொடங்கிய நூலக இயக்கம் சிற்றூர்தோறும் பரவியது. அவர் மறைந்த ஜூன் 19ஆம் நாள் இன்று வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. படிப்பகத் திண்ணையில் முதியவரும் இளைஞரும் ஒரு நூலைப் பற்றி வாதிடுவதை நம்மில் பலர் கண்டிருப்போம்.

நம் சங்கத்து அலமாரியிலும் நூல்கள் உள்ளன. அவற்றைப் பற்றிப் பேசும் குரல்தான் குறைவு. மாதந்தோறும் கூடும் கூட்டத்தில், குடும்பத்துக்கு ஒருவர் தாம் படித்த அல்லது படிக்கக் கேட்ட ஒரு நூலைப் பற்றி ஐந்து நிமிடம் பேசலாம். அது காப்பியமாயினும், துப்பறியும் கதையாயினும், சமையல் நூலாயினும், சிறுவர் படக்கதையாயினும் வேறுபாடு வேண்டா. மலையாளச் சொல் கலந்து பேசும் பிள்ளையையும் இடைமறியாது கேட்போம். பிடிக்கவில்லை என்று சொல்லும் பிள்ளையை, ஏன் பிடிக்கவில்லை என்று அன்புடன் வினவுவோம். அவ்வினாவுக்கு விடை தேடும் பிள்ளை நூலை மீண்டும் கையில் எடுக்கும். பிறந்த மண்ணைப் பிரிந்து வாழும் நமக்குத் தமிழைக் காக்கும் வழிகளுள் இதுவும் ஒன்று என்பது எம் உறுதியான நம்பிக்கை.