தெய்வத் திருமேனியும் திரைப்பட ஆடையும்

இறைவனுக்கு வடிவமில்லை என்பர் ஞானியர். எனினும் கண்ணை மூடி வணங்கும்பொழுது நம் உள்ளத்தில் ஒரு வடிவம் தோன்றவே செய்கின்றது. அவ்வடிவம் என்ன உடுத்தியிருக்கின்றது, தலையில் என்ன அணிந்திருக்கின்றது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? மலாக்கா மாநிலத் தோட்டப்புறங்களில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கு அது 1965-இல் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தின் சிவாஜி கணேசனும் சாவித்திரியுமே ஆவர். இதைச் சொல்வதில் நாணமுற வேண்டியதில்லை. நடிகர் திலகத்தின் இரசிகன் என்று சொல்லிக்கொள்வதில் இவ்வெளியேனுக்கு இன்றும் பெருமையே.

1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்னும் சீன வணிகர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக முறையில் இரப்பர் பயிரிட்டார். பின்னர் எழுந்த தோட்டங்களில் பால்மரம் வெட்டத் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர், லயத்துக்கு அருகிலேயே மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் கோயில் எழுப்பினர். அக்கோயில்கள் பலவற்றில் கல்லே தெய்வம், சூலமே அம்மன். சிற்ப நூல் கற்ற ஸ்தபதியைக் காணாத அம்மக்களுக்குத் திருவிழா முடிவில் திடலில் வெள்ளைத்துணி கட்டிக் காட்டிய படங்களே புராணம் சொல்லின. ஏ.பி. நாகராஜன் இயக்கிய 'திருவருட்செல்வர்' (1967) அப்பரையும் சுந்தரரையும் நம் கண்முன் நடமாட விட்டது. அவரே 1973-இல் 'காரைக்கால் அம்மையா'ரையும் 'ராஜராஜ சோழ'னையும் தந்தார். எழுத்தறியாத தாய்மாரும் நாயன்மார் வரலாற்றை அறிந்தது இவ்வாறே. இந்நன்றியை நாம் மறத்தலாகாது.

ஆயின், அப்படங்களின் ஆடை அணிகள் எங்கிருந்து வந்தன? பழைய புராணப் படங்களில் தேவியர் தைத்த இரவிக்கையும் சரிகைப் புடவையும் அணிவர். அரசரும் தேவரும் ஜிகினா மின்னும் மேலாடையும் உயர்ந்த மகுடமும் தரிப்பர். இஃது சோழர் காலத்து மரபன்று. கேரளத்து ஓவியர் இராஜா இரவிவர்மா (1848–1906) திருமகளையும் கலைமகளையும் புடவை உடுத்திய மங்கையராக எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். 1894-இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்தின் வழியே அப்படங்கள் வீடுதோறும் புகுந்தன. நாடக மேடைக்குத் திரைச்சீலை எழுதிப் பழகிய கோவில்பட்டி சி. கொண்டையராஜு, பின்னர் நாட்காட்டித் தெய்வப் படங்களால் புகழ்பெற்றார். நாடக மேடையும் நாட்காட்டியும் திரைப்படமும் ஒன்றிலிருந்து ஒன்று எடுத்துக்கொண்டன. நாம் தொன்மையானது என்று எண்ணும் கோலத்தில் பெரும்பகுதிக்கு வயது நூற்றைம்பது ஆண்டுகளுக்குள்தான்.

இனி, சோழர் காலச் செப்புத் திருமேனிகளை நோக்குவோம். இவை மெழுகில் வடிவம் செய்து, மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகம் வார்த்துச் செய்யப்பட்டவை. ஓர் அச்சில் ஒரு திருமேனிதான். ஆகவே ஒவ்வோர் அணியும் சிற்பியின் விரல் மெழுகில் தனித்தனியே பதித்தது. அம்பிகையின் தலையில் அடுக்கடுக்காய்க் குறுகும் கரண்ட மகுடம், தோளில் கேயூரம், இடையில் மேகலை, உடலோடு ஒட்டிய மெல்லிய ஆடையில் வரிவரியாய் மடிப்பு. திருமாலின் இருபுறமும் நிற்கும் தேவியரில் மார்புக்கச்சு அணிந்தவர் ஸ்ரீதேவி, அணியாதவர் பூதேவி என்று அறிவது மரபு. நடராசப் பெருமானின் வலச்செவியில் ஆண்களுக்குரிய குழையும் இடச்செவியில் பெண்களுக்குரிய தோடும் விளங்கக் காணலாம். இடப்பாகம் உமைக்குரியது என்னும் தத்துவத்தை ஒரு காதணியே சொல்லிவிடுகின்றது. ஆதலின் சிற்பத்தில் ஆடையணி வெறும் அழகுக்கன்று. அது படித்தறிய வேண்டிய மொழி.

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து கிடைத்த இடபவாகனர் திருமேனி உள்ளது. 1011-ஆம் ஆண்டினது. விடையின் மேல் சாய்ந்த கை அப்படியே இருக்க, விடை மட்டும் இன்று இல்லை. அப்பெருமானின் தலையில் மகுடம் கிடையாது. சடையே தலைப்பாகைபோல் சுற்றப்பட்டு அழகு செய்கின்றது. 1931-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்களிலும், இராஜராஜனும் கருவூர்த்தேவரும் என்று பலர் கருதும் உருவங்கள் மகுடமின்றி, முடியைக் கொண்டையாக முடிந்தே நிற்கின்றன. திரையில் கண்ட இராஜராஜனோ மணிமுடியின்றிக் காட்சி தருவது அரிது. படம் பொய், சிற்பம் மெய் என்று வழக்காடுவது நம் நோக்கமன்று. நடிகர் கம்பீரத்தை ஆடையால் காட்டினார். சிற்பி அதை நிற்கும் நிலையால் காட்டினார். இரண்டையும் நுகரத் தெரிந்தவரே முழுமையான இரசிகர்.

மலாக்காவாழ் தமிழருக்கு ஆடையின் வரலாறு புதிதன்று. நாம் இம்மண்ணுக்கு முதலில் வந்ததே துணியோடுதான். 1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றுமுன்பே, சோழமண்டலக் கரையின் வணிகர் பழவேற்காடு முதலிய துறைகளிலிருந்து வண்ணத் துணிகளை இங்கே கொணர்ந்து விற்றனர். அத்தமிழ் வணிகர் இந்நாட்டுப் பெண்டிரை மணந்து உருவான வழியினரே மலாக்கா செட்டிகள். இன்று அவர்கள் பேசுவது மலாய். பெண்டிர் மரபுடை கெபாயாவும் சாரோங்கும். மொழி மாறியது, உடை மாறியது. சிவநெறி மட்டும் மாறவில்லை. 1781-இல் அச்சமூகத் தலைவர் தெய்வநாயகம் செட்டி எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. அது நிற்கும் தெருவின் பெயரே பொற்கொல்லர் தெரு என்னும் பொருளில் ஜாலான் துக்காங் எமாஸ் என்பது எவ்வளவு பொருத்தம்!

இவற்றையெல்லாம் ஏன் இங்கே எடுத்துரைக்கின்றோம்? தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாற, தோட்டக் கோயில்கள் இடம்பெயர்கின்றன. திருப்பணி தொடங்கும்பொழுது புதுமை விருப்பம் எழுவது இயல்பு. நாட்காட்டி முகமும் திரைப்பட ஆடையும் கொண்ட சுதைச் சிற்பங்கள் கோபுரத்தில் ஏறுகின்றன. மூதாதையர் வணங்கிய சிறு சிலைகளும் சூலங்களும் மூலையில் ஒதுங்குகின்றன. அழகில் குறைந்தவை என்று அவற்றைக் கைவிட்டால், பால்மரக் காட்டில் நின்று கும்பிட்ட ஒரு தலைமுறையின் கையெழுத்தையே அழித்தவர்களாவோம். புகழ்பெற்ற திருவெண்காட்டுத் திருமேனியும் ஒரு காலத்தில் மண்ணுக்குள் கிடந்ததே.

ஆதலின் ஆலய நிர்வாகத்தினருக்கும் மெய்யன்பர்களுக்கும் பணிவான விண்ணப்பங்கள் மூன்று. திருப்பணிக்கு முன், பழைய திருமேனிகளையும் விமானத்தையும் நான்கு புறமும் நிழற்படம் எடுத்து, ஊரும் ஆண்டும் குறித்து வையுங்கள். புதிய சுதைச் சிற்பங்களுக்கு ஸ்தபதியை அமர்த்தும்பொழுது, எந்த மரபில் செய்யப்போகின்றார் என்று கேளுங்கள். அலங்காரம் களைந்த வேளையில், உற்சவமூர்த்தியின் செம்பில் பதிந்த அணிகளைக் குருக்களின் அனுமதியோடு இளைஞருக்குக் காட்டி, பெயர் சொல்லிக் கொடுங்கள்.

திரைப்படம் நமக்குக் கோயில் வாசலைக் காட்டிற்று. உள்ளே சென்று உற்று நோக்குவது நம் கடமை. பட்டுக்குள் மறைந்திருக்கும் பழைய ஆடையையும் நம் பிள்ளைகள் காணத் திருவருள் கூட்டுவதாக.