எண்ணும் காயமும்

சித்திரக்கதையில் ஒருவன் கட்டிடத்தைப் பெயர்த்துத் தூக்குகிறான் என்றால், அந்தப் பக்கத்தில் அவன் தூக்கியாக வேண்டும் என்று எழுதியவரும் வரைந்தவரும் தீர்மானித்திருக்கிறார்கள் என்பதே அதற்குக் காரணம். அடுத்த இதழில் அவனே ஓர் இரும்புக் கதவோடு மல்லாடலாம். வாசகன் கணக்குக் கேட்பதில்லை. கதையின் தேவை அவனுக்குப் புரிகிறது. அதே பாத்திரத்தை இரண்டு அங்குலப் பொம்மையாக்கி மேசைமேல் நிறுத்தி, பகடை உருட்டி ஆடத் தொடங்கியதும் இந்தச் சலுகை போய்விடுகிறது. எதிரே இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார். அவரும் ஜெயிக்க வந்தவர். அவன் எவ்வளவு தூக்குவான், எத்தனை தடவை, தூக்கினால் என்ன நஷ்டம் என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்தாக வேண்டும். இந்த இடத்தில் விதி எழுதுகிறவர் விமர்சகராகி விடுகிறார். இந்தப் பாத்திரத்தில் எது சாரம், எது அலங்காரம் என்று அவர் முடிவு கட்டாமல் ஒரு வரிகூட எழுத முடியாது.

இந்த விளையாட்டுகளை விடலைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் பாத்திரம் என்றால் என்ன என்ற பழைய கேள்விக்கு இவற்றின் சரித்திரத்தில் ஒரு பதில் கிடைக்கிறது. வலிமையை எண்ணாக்குவது ஆரம்பத்திலேயே கைவந்துவிட்டது. காயத்தை எழுதக் கற்றுக்கொள்ளத்தான் நெடுங்காலம் பிடித்தது. அதைக் கற்ற பிறகே மேசைமேல் ஒரு பாத்திரம் நிற்க ஆரம்பித்தது.

தொடக்கத்தில் தனிமனிதனே இல்லை. பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட க்ரீக்ஸ்ஷ்பீல் அதிகாரிகளின் பயிற்சிக்கானது. வரைபடத்தின்மேல் கட்டைகள் நகர்ந்தன. பகடையும் இழப்பு அட்டவணையும் நடுவரும் சேர்ந்து எத்தனை பேர் விழுந்தார்கள் என்று சொன்னார்கள். ஒரு கட்டை ஒரு படைப்பிரிவு. அதற்கு முகம் கிடையாது. 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதிய எச். ஜி. வெல்ஸ் ராணுவத்தை வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தார். வில்சுருள் வைத்த பொம்மைப் பீரங்கியால் தகரச் சிப்பாய்களைச் சுட்டு வீழ்த்துவது அவரது ஆட்டம். கைகலப்பில் சம எண்ணிக்கையில் மோதினால் ஆளுக்கு ஆள் சரி. சிப்பாய்க்கு முகமும் சட்டையின் வர்ணமும் வந்துவிட்டன. ஆனாலும் விதியின் கண்ணில் ஒருவன் இன்னொருவனைவிட எந்த விதத்திலும் வேறானவன் இல்லை.

வேறுபாடு நுழைந்தது 1971இல். கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரெனும் எழுதிய ‘செயின்மெயில்’ இடைக்காலப் போருக்கான விதிநூல். அதன் பின்னிணைப்பில் மாயக்கதைப் பாத்திரங்களுக்கும் இடம் இருந்தது. அங்கே வீரன் நான்கு ஆட்களுக்குச் சமம். அவனுக்கு மேல் ‘சூப்பர் ஹீரோ’ என்றொரு படி. அவன் ஏறக்குறைய இரு மடங்கு. பெயர் அப்படியிருந்தாலும் அவன் சித்திரக்கதையிலிருந்து வந்தவன் அல்ல, வாளும் மந்திரமும் நிறைந்த கதைகளிலிருந்து வந்தவன். வீரனை இங்கே கூட்டல் கணக்காகத்தான் பார்த்தார்கள். அவன் நான்கு சாதாரண மனிதர்களின் கட்டு. அவனைக் கொல்லவும் ஒரே சுற்றில் நான்கு மரண அடி விழ வேண்டும். மூன்று விழுந்தால் ஒன்றும் விழாதது போல. காயம் என்ற சங்கதியே இல்லை. முழுமை அல்லது மரணம்.

1974இல் வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதை மாற்றியது. அடிகள் சேர்ந்துகொண்டே போகும். உயிர்ப்புள்ளிகள் குறைந்துகொண்டே வரும். கைகாக்ஸோடு அதை உருவாக்கிய டேவ் ஆர்னெசன், இந்த யோசனையைத் தம்முடைய இரும்புக்கவசக் கப்பல் போர் விதிகளிலிருந்து எடுத்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் நூறு புள்ளி உள்ளவன் தொண்ணூற்றொன்பதை இழந்த பிறகும் முன்போலவே ஓடுகிறான், வெட்டுகிறான். கடைசிப் புள்ளியில் திடீரென்று விழுகிறான். வங்கிக் கணக்கும் இப்படித்தான். இருப்பு ஒரு ரூபாயாக இருந்தாலும் கணக்கு உயிரோடிருக்கும். கணக்குக்கு வலி கிடையாது, மனிதனுக்கு உண்டு.

இதே காலத்தில் சித்திரக்கதைகளும் எண்ணின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தன. 1938இல் அறிமுகமான சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. எட்டில் ஒரு பங்கு மைல் தாவுவான் என்று முதல் கதையிலேயே அளவு கொடுத்திருந்தார்கள். கதைகள் பெருகப் பெருக அளவு மறைந்தது. மலையை நகர்த்தினான், கிரகத்தை நகர்த்தினான். 1983இல் மார்வெல் நிறுவனம், மார்க் க்ருயென்வால்டின் முயற்சியில், தன் பாத்திரங்களுக்கு ஒரு கையேடு வெளியிடத் தொடங்கியது. யார் எத்தனை டன் தூக்குவார் என்ற விவரம் அதில் உண்டு. கதாசிரியர்கள் மனம்போனபடி தூக்க வைத்ததற்கெல்லாம் ஒரு தணிக்கை அறிக்கை தயாரானது என்று சொல்லலாம்.

விதி எழுதியவர்களில் முதலில் கூர்மையாக யோசித்தவர்கள், 1981இல் ‘சாம்பியன்ஸ்’ வெளியிட்ட ஜார்ஜ் மக்டொனால்டும் ஸ்டீவ் பீட்டர்சனும். இது பாத்திரமேற்று ஆடும் ஆட்டம் என்றாலும், சண்டை அறுகோணக் கட்டத்தில் காய்களை நகர்த்தித்தான் நடக்கும். பாத்திரத்தைப் புள்ளிகள் கொடுத்து வாங்க வேண்டும். நெருப்பை உமிழ்பவனுக்கும் மின்னலை எறிபவனுக்கும் விதி ஒன்றே. தூரத்திலிருந்து இவ்வளவு அடி. நெருப்பா மின்னலா என்பது வெறும் மேற்பூச்சு. உருவமும் உள்ளடக்கமும் பிரிக்க முடியாதவை என்று பேசிக்கொண்டிருக்கும் நமக்கு இது அபசாரமாகப் படும். அவர்கள் கத்தியை எடுத்துப் பிரித்தே காட்டினார்கள். ஆட்டமும் நடந்தது. ஆனால் நெருப்பு வெளிச்சமும் தரும், வீட்டையும் எரிக்கும், தண்ணீருக்குப் பயப்படும். இவற்றையெல்லாம் தனித்தனியே விலைபோட வேண்டி வந்தது. வாசல்வழி துரத்திய உள்ளடக்கம் விலைப்பட்டியல் வழியே திரும்பி வந்தது.

‘சாம்பியன்ஸ்’ செய்த பெரிய காரியம் வேறு. பலவீனத்துக்கும் அது புள்ளி கொடுத்தது. துரத்தும் எதிரி, காப்பாற்றியாக வேண்டிய உறவினர், குறிப்பிட்ட ஆயுதம் பட்டால் இரட்டை வலி இவற்றை ஏற்றுக்கொண்டால், அந்த வரவில் வலிமை வாங்கலாம். பற்றுப் பக்கம் இல்லாமல் வரவுப் பக்கம் இல்லை என்று விதியே சொல்லிவிட்டது. மயக்கமடையச் செய்யும் அடியையும் உடலைச் சிதைக்கும் அடியையும் தனித்தனிக் கணக்கில் வைத்ததும் அவர்கள்தான் செய்த நல்ல வேலை. சித்திரக்கதையில் ஒருவன் சுவரை உடைத்துக்கொண்டு விழுந்து, தலையை உதறிக்கொண்டு எழுந்துவிடுகிறான். அந்த விநோத நிலை அப்போதுதான் விதிக்குள் வந்தது.

அடுத்து வந்த இரண்டு ஆட்டங்களும் பாத்திரமேற்று ஆடுபவையே. ஒரே பிரச்னைக்கு எதிரெதிரான விடைகள் கொடுத்தன என்பதால் இங்கே முக்கியம். 1984இல் ஜெஃப் க்ரப் உருவாக்கிய மார்வெல் ஆட்டம் எண்ணோடு அடைமொழியையும் வைத்தது. ஒருவனது பலம் ‘நல்லது’, இன்னொருவனுடையது ‘வியக்கத்தக்கது’, மேலே ‘அமானுஷ்யம்’. சித்திரக்கதை அட்டையின் கூச்சலே அளவுகோலாயிற்று. அதிலே கர்மா என்றொரு கணக்கும் உண்டு, பெயரே அதுதான். நற்செயலால் சேரும், பகடை சாதகமாக விழச் செலவாகும், கொலை செய்தால் முழுவதும் போகும். மறுவருஷம் மேஃபேர் நிறுவனத்துக்காக க்ரெக் கார்டன் செய்த டிஸி ஆட்டத்தில், ஒவ்வொரு எண்ணும் முந்தையதைப்போல் இரு மடங்கு. பேட்மேனின் பலம் 5, சூப்பர்மேனுடையது 50. வித்தியாசம் 45 படி என்றால் ஏறத்தாழ 35 லட்சம் கோடி மடங்கு. 1986இல் ஜான் பைர்ன் சூப்பர்மேனைப் புதிதாக எழுதி அவன் பலத்தைக் குறைத்தார். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு 50ஐ 25 ஆக்கியது. கதை திருந்தினால் அட்டவணையும் திருந்த வேண்டும். உரைகாரன் மூலத்துக்குக் கட்டுப்பட்டவன்.

இவ்வளவு இடைவெளியில் பேட்மேன் எப்படி உடன் நிற்பது? இங்கும் வீரப்புள்ளிகள் உண்டு. செலவழித்தால் ஆபத்தான நேரத்தில் தன் எண்ணை உயர்த்திக்கொள்ளலாம். ஆசிரியனின் பட்சபாதத்தை நாணயமாக அடித்து ஆடுபவர் கையில் கொடுத்தார்கள். கர்மாவும் அதே நாணயம்தான், கொஞ்சம் நீதி பூசியது.

இதுவரை எல்லாம் தாளில் இருந்தன. 2000இல் ஜோர்டன் வைஸ்மன் தொடங்கிய விஸ்கிட்ஸ் நிறுவனம் தாளைப் பொம்மைக்குள்ளேயே மடித்து வைத்தது. முதலில் ‘மேஜ் நைட்’. 2002இல் மார்வெல், டிஸி பாத்திரங்களோடு ‘ஹீரோக்ளிக்ஸ்’. பொம்மையின் பீடத்துக்குள் ஒரு சக்கரம்; பீடத்தில் ஒரு சிறு திறப்பு. அதில் நான்கு எண்கள் தெரியும். வேகம், தாக்குதல், தற்காப்பு, சேதம். எண்ணுக்குப் பின்னால் வர்ணக் கட்டம் இருந்தால் அது ஒரு சக்தி. இரண்டு பகடையின் கூட்டுத்தொகையோடு தாக்குதல் எண்ணைச் சேர்த்து எதிரியின் தற்காப்பை எட்டினால் அடி விழும். சேதத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சக்கரத்தை ஒரு சொடுக்கு திருப்ப வேண்டும். திருப்பியதும் எண்கள் மாறுகின்றன. சில வர்ணங்கள் மறைகின்றன, சில புதிதாய் முளைக்கின்றன.

இது யந்திர சாதுர்யம் மட்டுமல்ல. அடிபட்டவன் பழைய ஆள் இல்லை என்பதை ஸ்தூலமாகக் கண்முன் நிறுத்திய முதல் பெரும் முயற்சி என்று இதைச் சொல்வேன். இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் பாத்திரங்களைத் தட்டை என்றும் உருண்டை என்றும் பிரித்தார். இங்கே ஒவ்வொருவரும் நிஜமாகவே ஒரு வட்டம்; சுற்றிப் பார்த்தால்தான் யார் என்று தெரியும். ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1962இல் படைத்த ஹல்க்கை எடுத்துக்கொள்ளலாம். முதல் இதழில் அவன் சாம்பல் நிறம்; இருட்டினால் உருமாறுவான். கோபத்தால் மாறுவதும், கோபம் ஏற ஏற பலம் ஏறுவதும் பின்னால் வந்தவை. அந்த இயல்பைச் சொல்லத் தாளில் ஒரு பத்தி விதி வேண்டும். சக்கரத்தில் ஒரு வார்த்தைகூட வேண்டாம். அடுத்தடுத்த சொடுக்கில் எண் குறைவதற்குப் பதிலாகக் கூடினால் போதும். ஹல்க் பொம்மைகள் பலவற்றில் அப்படித்தான் செய்தார்கள். அவனை அடிக்கலாமா என்று எதிராளி தயங்குகிறார் பாருங்கள், அந்தத் தயக்கத்தில் ஹல்க் இருக்கிறான்.

அடுத்தடுத்த முறைகளில் ஒரே பொம்மையை இயக்கினால் அதற்கு ஒரு சொடுக்கு சேதம் என்று இன்னொரு விதி. களைப்பும் காயத்தின் கணக்கிலேயே எழுதப்படுகிறது. சிக்கனமான எழுத்து இது.

குறைகள் இல்லாமல் இல்லை. புத்திசாலிகளுக்கு ஹீரோக்ளிக்ஸ் கொடுத்த சக்திகளில் பேர்பெற்றது, பார்வையில் படும் எதிரியின் ஒரு சக்தியைச் செயலிழக்கச் செய்வது. அறிவு என்றால் அடுத்தவன் வரியை அடிப்பது என்று அர்த்தமாகிவிடுகிறது. நமது விமர்சன உலகில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. வியாபாரமும் உள்ளே புகுந்தது. ஒரே பாத்திரம் மஞ்சள், நீலம், சிவப்பு வளையங்களில் கற்றுக்குட்டி, அனுபவஸ்தன், மூத்தவன் என்று மூன்றாக வந்தது. உள்ளே யார் என்று தெரியாத மூடிய பெட்டியில் விற்றார்கள். 2003இல் டாப்ஸ் நிறுவனம் விஸ்கிட்ஸை வாங்கியது, 2008இல் மூடியது. மறுவருஷம் நேக்கா வாங்கியதால் ஆட்டம் பிழைத்தது.

2012இல் ஸ்பெயினின் நைட் மாடல்ஸ் கொண்டுவந்த பேட்மேன் ஆட்டம் வேறு வழியில் போயிற்று. அது ஒருவனுடைய சக்தியை எழுதுவதற்கு முன்னால் அவன் ஊரை எழுதியது. ஆட்டம் இரவில் நடக்கிறது. விளக்குக் கம்பத்தின் வெளிச்சத்தில் நிற்பவன்தான் தூரத்திலிருந்து தெரிவான். பேட்மேனின் பயங்கரம் அவன் தோளில் இல்லை, இருட்டில் இருக்கிறது என்ற வாசிப்பு இது. மூர்ச்சைக்கும் ரத்தத்துக்கும் இங்கே தனித்தனி அடையாளம். கொல்வதில்லை என்ற அவன் நெறியை உபதேசமாக எழுத வேண்டியதில்லை. அவன் கை முஷ்டி மூர்ச்சையைத்தான் தரும். எதிரி தெளிந்து எழுந்துவிடக்கூடும். அறத்தின் விலையை ஆடுபவர் அந்த இடத்தில் செலுத்துகிறார்.

2019இல் அட்டாமிக் மாஸ் கேம்ஸ் வெளியிட்ட ‘மார்வெல்: க்ரைஸிஸ் ப்ரோட்டோகால்’ இன்னொரு எல்லைக்குப் போனது. எதிரியால் படும் ஒவ்வொரு சேதத்துக்கும் ஒரு சக்திப் புள்ளி கிடைக்கும். அதைச் செலவழித்து விசேஷத் திறமைகளைக் காட்டலாம். தாங்கும் அளவு தீர்ந்தால் பாத்திரத்தின் அட்டையைப் புரட்டிக் காயப்பட்ட பக்கத்தோடு தொடர வேண்டும். அதுவும் தீர்ந்தால் வெளியே. வீழ்ந்தவன் வலியிலிருந்து வலிமை பெற்று எழுவது இந்தக் கதைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான சந்தம். அதை ஆட்டத்தின் அடிப்படை விதியாகவே வைத்துவிட்டார்கள். வகையைப் பிடித்ததில் இது அபாரம். ஆனால் ஹல்க்கின் தனிச்சொத்து இங்கே எல்லோருக்கும் பங்காகிவிட்டது. சிலந்தி மனிதனும், அவனை அடிக்கும் டாக்டர் ஆக்டோபஸும் ஒரே சட்டப்படி வலியைச் சம்பளமாக வாங்குகிறார்கள். இலக்கணம் முழுமை அடையும்போது தனிமனிதன் கொஞ்சம் மங்கிப் போகிறான்.

1824 முதல் 2019 வரை இந்த வரிசையைப் பார்த்தால் ஒன்று புலப்படும். நான்கு ஆட்களுக்குச் சமம், இத்தனை டன், 50 என்பவை எல்லாம் பாத்திரத்தைப் பற்றிய தகவல்கள். எவ்வளவு துல்லியமானாலும் அவற்றிலிருந்து ஆள் எழுந்து வருவதில்லை. எதை இழந்தால் இவன் மாறுகிறான், எதை இழக்க மறுக்கிறான் என்று கேட்ட விதிகளில்தான் எழுந்து வந்தான். நாவல் விமர்சனம் என்ற பெயரில் கதாநாயகியின் குணங்களை வரிசைப்படுத்தி மார்க்குப் போடும் கட்டுரைகள் இன்னமும் வந்துகொண்டிருக்கின்றன. அவை ‘செயின்மெயில்’ காலத்தைத் தாண்டவில்லை. இவள் பொறுமையில் நான்கு பெண்களுக்குச் சமம் என்கின்றன, அவ்வளவுதான். ஒரு சொடுக்கு திருப்பினால் என்ன எண் வரும் என்று அவை கேட்பதில்லை.