கோடார்டுக்குச் சென்ற வட்காவ் கடிதங்கள் (1779)

புனேக்கு அருகிலுள்ள வட்காவில் மராத்தியரிடம் பணிந்த பம்பாய்க் கம்பெனிப் படையை நடத்திய குழு, கர்னல் தாமஸ் கோடார்டுக்கு எழுதிய, ஒன்றையொன்று மறுக்கும் உத்தரவுகள். பேஷ்வா பதவி கோரிய ரகுநாதராவைப் புனேயில் அமர்த்தப் புறப்பட்ட அப்படை 1779 ஜனவரி 9 அன்று தளேகாவை அடைந்தபோது ஊர் எரிக்கப்பட்டிருந்தது. உணவுக்கு வழியின்றி, 11ஆம் தேதி இரவு கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுத் திரும்பியது, வட்காவில் சுற்றிவளைக்கப்பட்டது. அங்கே செய்த உடன்படிக்கைப்படி, வங்காளத்திலிருந்து வந்துகொண்டிருந்த கோடார்டைத் திரும்பிப் போகும்படி ஜான் கார்னாக் அடங்கிய குழு எழுதியது. மலைச்சரிவிலிருந்து கீழே இறங்கியதும் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது.

இதைத் தோற்ற படையின் தடுமாற்றம் என்று விட்டுவிட முடியாது. தெரிந்தே செய்த வாக்குமீறல் என்பதே பொருத்தமான முடிவு. குழுவுக்கு உடன்படிக்கை செய்யும் அதிகாரமே இல்லை, அதை மராத்தியரிடம் முன்பே சொல்லியும் இருந்தார்கள் என்பது வலுவான மறுப்புதான். ஆனால் அதிகாரமின்மை ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கலாம்; உத்தரவை எழுதியதும் மாற்றியதும் குழுவின் சொந்தச் செயல்கள். அதுவும், வாக்குக்குப் பிணையாக கம்பெனியின் ஃபார்மரும் லெப்டினன்ட் சார்லஸ் ஸ்டூவர்ட்டும் மராத்தியத் தலைவர் மகாத்ஜி சிந்தியாவின் பிடியில் இருந்தபோது! கோடார்டோ புர்ஹான்பூரிலிருந்து சுமார் 300 மைலை ஏறத்தாழ இருபது நாளில் கடந்து, பிப்ரவரி இறுதியில் சூரத்தை அடைந்தார். ஆங்கிலேய-மராத்தியப் போர் 1782 சால்பாய் உடன்படிக்கைவரை நீண்டது.